சட்டைப் பைக் கேமரா

அக்கா மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கையில் நல்ல செல்போன் இருக்கிறது. அவள்தான் போன மாதம் கேட்டாள், "மாமா, உங்ககிட்ட ஒரு சில்வர் கலர் கேமரா இருந்துச்சே, இன்னும் இருக்கா? இல்லாட்டி அதே மாதிரி ஒண்ணு கம்மி விலைல எங்க கிடைக்கும்?" பிளாஷ் அடித்தால் முகம் வெளுத்து, பின்னால் இருக்கும் சுவர் கறுத்துப்போகுமே, அப்படிப் படம் வேண்டுமாம். அந்த மாதிரி விழுந்த படங்களை நாங்கள் உட்கார்ந்து அழித்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது.

நானும் இதே கேள்வியோடு 2007-ல் மதுரை டவுன்ஹால் ரோட்டில் கடைகடையாக ஏறி இறங்கியிருக்கிறேன். பத்தாயிரத்துக்குள் அடங்க வேண்டும், தினமும் கூட வர வேண்டும், அவ்வளவுதான் தேவை. கடைக்காரர்கள் வாயைத் திறந்தால் மெகாபிக்சல். "சார், இது அஞ்சு, அது ஏழு, இந்தா பாருங்க பத்து." பெயர் தெரியாத கம்பெனிப் பெட்டி ஒன்றில் பன்னிரண்டு என்றுகூடப் போட்டிருந்தது. உள்ளே இருப்பது சின்னதுதான், கணக்குப் போட்டு இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுவது அது. ஆறுக்கு நான்கு அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடித்தால் 1800-க்கு 1200, அதாவது ஏறக்குறைய இரண்டு மெகாபிக்சல். நம் வீட்டு ஆல்பத்துக்கு அது போதும். ஐந்து இருந்தால் பத்துக்கு எட்டு போட்டுச் சட்டம் கட்டிச் சுவரில் மாட்டலாம். அந்தக் கேமராக்களின் உள்ளே ஒளியை வாங்கும் சென்சார் ஒரு துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். அந்த இடத்துக்குள் பத்தையும் பன்னிரண்டையும் திணித்தால் ஒவ்வொன்றின் பங்குக்கும் வரும் வெளிச்சம் குறையும். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பிறகு எடுத்த படமெல்லாம் புள்ளிபுள்ளியாகத் தெரியும்.

எங்கள் தெருமுனையில் ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணன்தான் சரியான வழி சொன்னார். "பொட்டியில போட்டிருக்கறதப் படிக்காதீங்க. ஆன் பண்ணுங்க, ஒரு படம் எடுங்க, அடுத்த படம் எடுக்க எவ்வளவு நேரமாகுதுன்னு பாருங்க. அப்புறம் சட்டைப் பைக்குள்ள போட்டுப் பாருங்க. போகலைன்னா வாங்காதீங்க."

சட்டைப் பை என்றதும் எனக்குப் பெரியப்பாவின் யாஷிகா எம்எஃப்-2 ஞாபகம் வந்தது. தோல் உறைக்குள் பீரோவில், துணிகளுக்கு அடியில் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, கொடைக்கானல் என்றால்தான் வெளியே வரும். ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். நூலைப் பிடித்தாற்போல ஆரம்பத்தில் சுற்றினால் இன்னும் ஒன்றிரண்டு தேறும். தீபாவளிக்குப் போட்ட ரோல் பொங்கல் வரை முடியாமல் கிடக்கும். முடிந்தால்தானே கழுவக் கொடுக்க முடியும்? அதனால் எங்கள் வீட்டு ஆல்பம் முழுக்க விசேஷ நாட்கள். பாட்டி எல்லாப் படத்திலும் கல்யாண வீட்டு நாற்காலியில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு முறுக்கு சுற்றுவது, பால்காரரோடு சண்டை போடுவது, எதுவும் இல்லை. தினமும் கூட வரும் கேமரா வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு அந்த ஆல்பம் பெரிய காரணம்.

கடைசியில் வாங்கியது கேனான் பவர்ஷாட் ஏ570 ஐஎஸ். ஏழு மெகாபிக்சல், நாலு மடங்கு ஆப்டிகல் ஜூம், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி. சட்டைப் பையில் சற்றுப் புடைத்துக்கொண்டு நிற்கும், ஆனால் போகும். பெட்டியோடு கொடுத்த 16 எம்பி கார்டில் நல்ல தரத்தில் ஐந்தாறு படம் பிடிப்பதே பெரிது. அங்கேயே நின்று வேறு கார்டு வாங்க வேண்டியிருந்தது. ஜூமில் ஒரு சூது உண்டு. ஆப்டிகல் என்று போட்டிருப்பதுதான் லென்ஸ் செய்யும் வேலை. டிஜிட்டல் ஜூம் என்பது எடுத்த படத்தின் ஓரங்களை வெட்டிப் பெரிதாக்குவது. அதை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே செய்துகொள்ளலாம்.

நான் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு மூல காரணம் பேட்டரி. கடிகாரத்துக்குப் போடுகிறோமே, அதே டபுள் ஏ, இரண்டு. எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஆனால் சாதா பேட்டரியைப் போட்டால் சில படங்களிலேயே கேமரா கண்ணை மூடிவிடும். லென்ஸை நீட்டவும் பிளாஷை ஏற்றவும் அது இழுக்கும் மின்சாரத்தை அந்த பேட்டரியால் கொடுக்க முடியாது. அல்கலைன் பரவாயில்லை. நிக்கல் வகை ரீசார்ஜபிள் போட்டால்தான் முந்நூறு, நானூறு படம் வரை ஓடும். 2005-ல் சான்யோ கொண்டுவந்த எனலூப் இதில் ஒரு வரப்பிரசாதம். அதற்கு முன்பிருந்த ரீசார்ஜ் பேட்டரிகளை சார்ஜ் போட்டு டிராயரில் வைத்தால் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். இது மாதக்கணக்கில் தாங்கும்.

பேட்டரியின் அருமை தெரிந்தது சித்திரைத் திருவிழாவில். கள்ளழகர் வைகையில் இறங்கும் அதிகாலை. ஏ.வி. பாலத்துப் பக்கம் நள்ளிரவிலிருந்தே கூட்டம் நெருக்கியடிக்கும். சொம்பில் சர்க்கரை நிரப்பிச் சூடம் ஏற்றிக்கொண்டு பெண்கள் நிற்பார்கள். தோல்பையில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வேஷம் கட்டியவர்கள் பீய்ச்சியடிப்பார்கள். கேமராவைப் பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி, பையின் வாயை மட்டும் திறந்து எடுக்க வேண்டும். தங்கக் குதிரை அத்தனை தூரத்தில் வருகிறது, சுற்றிலும் படார் படார் என்று பிளாஷ் அடிக்கிறார்கள். இந்தச் சின்னக் கேமராக்களின் பிளாஷ் மூன்று, நான்கு மீட்டருக்கு மேல் எட்டாது. முன்னால் நிற்பவர்களின் பின்மண்டைதான் பளீரென்று விழும். பிளாஷை அணைத்துவிட்டு, திரையையும் அணைத்துவிட்டு, மேலே இருக்கும் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்து எடுத்தேன். திரை அணைந்தால் பேட்டரி இரண்டு மடங்கு நிற்கும். அதுவும் தீர்ந்தபோது பக்கத்துக் கடலைக் கடையில் இரண்டு அல்கலைன் வாங்கிப் போட்டேன். தனக்கென்று தட்டை பேட்டரி வைத்திருந்த ஒல்லிக் கேமராக்காரர்கள் அதற்குள் வீட்டுக்குக் கிளம்பியிருந்தார்கள்.

பட்டனைப் பாதி அழுத்தி வைத்துக் காத்திருக்கும் வித்தையும் அங்கேதான் கைவந்தது. முழுக்க அழுத்தினால் கேமரா அப்போதுதான் ஃபோகஸ் தேட ஆரம்பிக்கும். அதற்குள் குதிரை போய்விடும். பாதி அழுத்தினால் தேடி முடித்துத் தயாராக நிற்கும். மீதியை அழுத்தியதும் படம் விழும்.

இதையெல்லாம் அக்கா மகளிடம் சொன்னபோது, "மாமா, போன்லதான் எல்லாமே தானா வருதே" என்றாள். தானாக வருவதுதான் அவளுக்கு அலுத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. செல்போன் ஒரு தரம் தட்டினால் பல படம் எடுத்து ஒன்றாக்கி, நிழலைத் தூக்கி, வெளிச்சத்தை அமுக்கி, எல்லோரையும் ஒரே மாதிரி ஆக்கித் தருகிறது. இந்தக் கேமரா எடுப்பது ஒரே ஒரு படம், அந்த நொடியில் விழுந்த வெளிச்சத்தோடு. பிளாஷும் வேறு. போனில் இருப்பது டார்ச் விளக்கு. கேமராவில் இருப்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கே மின்னி மறையும் செனான் குழாய். ஆடுகிறவர்களின் பறக்கும் முடியை அது அப்படியே நிறுத்திவிடும்.

போன்கள் வந்து இந்தச் சின்னக் கேமராக்களை ஒழித்த வேகத்தை நினைத்தால் இன்றும் நம்ப முடியவில்லை. ஜப்பானிய கேமரா உற்பத்தியாளர் சங்கக் கணக்குப்படி 2010-ல் உலகுக்கு அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். 2023-ல் ஒரு கோடிகூட இல்லை. புதிதாகக் கிடைப்பவற்றில் நல்லவை விலை உச்சத்தில் இருக்கின்றன. ஆக, கம்மி விலை என்றால் பழசுதான்: சென்னையில் பர்மா பஜார், ரிச்சி தெரு, இல்லாவிட்டால் சொந்தக்காரர்களின் பீரோ. பீரோதான் முதலில்.

பழசில் சில கண்ணிகள் உண்டு. ஒலிம்பஸ், ஃபூஜி பழைய மாடல்கள் எக்ஸ்டி கார்டு கேட்கும், சோனி மெமரி ஸ்டிக் கேட்கும். கேமராவை விட கார்டு தேடுவது பெரும்பாடு. எஸ்டி கார்டு போடுவதாகப் பாருங்கள். ரொம்பப் பழசு என்றால் 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. சோனி தயாரித்த சிசிடி சென்சார்கள் சில வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்களில் பழுதாகின்றன என்று 2005-ல் தெரியவந்து, பல கம்பெனிகள் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தன. நம்மூர் வெயிலுக்கு அதற்கு முந்திய வருடங்களில் வந்த கேமராக்கள் வேண்டாம்.

வாங்கப் போகிறவர்கள் சார்ஜ் ஏற்றிய இரண்டு டபுள் ஏ பேட்டரியும் ஒரு 2 ஜிபி எஸ்டி கார்டும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். லென்ஸ் தடங்கலில்லாமல் வெளியே வந்து உள்ளே போகிறதா, ஜூம் இரண்டு பக்கமும் ஓடுகிறதா, பிளாஷ் அடிக்கிறதா என்று கவனியுங்கள். வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் கறை, பூஞ்சை எல்லாம் தெரிந்துவிடும். எடுத்துப் பார்க்க விடாத கடையில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.