வீட்டுக்கு வா!

249 கிராம்தான். என் மாமனாரின் வெற்றிலைப் பெட்டி அதைவிட கனம். ஆனாலும் அந்த 249 கிராம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் என் மானத்தை வாங்கிவிட்டது! மாமனார் வீட்டில் எனக்கிருந்த மரியாதை மட்டும் எப்படியோ மயிரிழையில் தப்பியது. மயிரிழையில் என்பதைவிட பட்டு இழையில் என்று சொல்வதுதான் சரி.

கேமரா ட்ரோனைச் சொல்கிறேன். கல்யாண மண்டப வாசலில் தலைக்கு மேல் வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு, வரவேற்கிற மாமியின் கையிலுள்ள சந்தனப் பேலாவில் தூசி கிளப்புமே... அதேதான்.

எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? படித்தது பி.காம். பிழைப்பது பத்திரிகைகளுக்கு எழுதி. ஒரு வீடியோ சேனல்காரர் போன் பண்ணி, "காஞ்சிபுரத்துல தெருவுல பாவு விரிப்பாங்களாமே... மேலேருந்து ஒரு நிமிஷம் எடுத்துக் குடுங்க, ஐயாயிரம் தர்றோம்" என்றார். ஐயாயிரத்துக்கு எத்தனை பக்கம் எழுத வேண்டும் என்று மனசு உடனே கணக்குப் போட்டது. "ஓ, எடுத்துடலாமே!" என்றேன். ட்ரோனைத் தொட்டதுகூட இல்லை என்பதை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான பட்டு இழைகள். ஒரு பாவுக்கு மூன்று சேலை என்பது மாமனார் கணக்கு. அவர் நாற்பது வருஷமாகத் தறியில் உட்கார்ந்தவர். ஒரு காலத்தில் விடிந்தால் தெருவை அடைத்துக்கொண்டு பாவு கிடக்குமாம், சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓரமாகத்தான் போக முடியுமாம். இப்போது ஒரு பாவைப் பார்க்க நாள் கேட்டுக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

ட்ரோன் நண்பனுடையது. கல்யாண வீடியோக்காரன். மனைவியின் வளையலை அடகு வைத்து வாங்கியது. வளையலை மீட்டது சமீபத்தில்தான். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டுவிட்டதால், உடைந்தால் அதே மாதிரி இன்னொன்றைக் கடைக்குப் போய் சுலபமாக வாங்கிவிட முடியாது. இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தான். சட்டமும் சொல்லிக்கொடுத்தான். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு உட்பட்டது 'நானோ' ஜாதி, ஓட்டுவதற்கு பைலட் சான்றிதழ் வேண்டாம். பச்சை மண்டலத்தில் 400 அடி வரைக்கும் போகலாம்.

"அதுக்காக ஹீரோ ஆகி கைலாசநாதர் கோயில் பக்கம் திருப்பிடாதே. தொல்லியல் துறை இடம். பல்லவன் கட்டி 1300 வருஷமா நிக்குது, உன்னால ஒண்ணும் ஆயிடக் கூடாது!"

கடைசியாக ஒரு மந்திரமும் உபதேசித்தான். "எது நடந்தாலும் பதறாதே. இதோ இந்த பட்டன். ரிட்டர்ன் டு ஹோம். அமுக்கினா நாய்க்குட்டி மாதிரி கிளம்பின இடத்துக்கே வந்து உக்காந்துடும்."

'கிளம்பின இடத்துக்கே.' இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மாமனார் வீட்டு மொட்டை மாடியில் ஒத்திகை. ட்ரோன் ஜம்மென்று எழும்பியது. படம்தான் ஜம்மென்று வரவில்லை. ரிமோட்டில் செருகியிருந்த போனில் காஞ்சிபுரம் விக்கி விக்கித் தெரிந்தது. ஒரு காக்கா பறக்க ஆரம்பித்து நடுவானில் அப்படியே நின்றது. மறுபடி பார்த்தால் காக்காவையே காணோம்!

என் மச்சினன் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். அஜித் ரசிகன். 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்ஷா' குழு இரண்டாவதாக வந்ததே, அதற்கு அஜித்தான் ஆலோசகர். அன்றிலிருந்து இவனுக்கு ட்ரோன் பைத்தியம். நான் ரிமோட் பிடித்திருந்த லட்சணத்தைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துப்பாக்கி பிடிக்கிற மாதிரி ஆன்டெனாவின் முனையை ட்ரோனுக்குக் குறிவைத்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, டியூப் லைட்ல வெளிச்சம் முனையிலயா வருது? பக்கவாட்டுலதானே? இதுவும் அப்படித்தான். தட்டையான பக்கத்தைக் காட்டுங்க."

காட்டினேன். பாதி விக்கல் நின்றது.

மீதி விக்கலுக்குக் காரணம் ஊர். போனில் வைஃபை தேடினால் 23 பெயர்கள் வந்து விழுந்தன. அதில் ஒருவர் தன் வைஃபைக்கு 'சொந்தமா போட்டுக்கோ' என்றே பெயர் வைத்திருந்தார்! ட்ரோனும் ரிமோட்டும் பேசிக்கொள்வது 2.4 அல்லது 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைகளில். வைஃபை, ப்ளூடூத் எல்லாம் மொய்ப்பதும் அதே 2.4-ல்தான். வைஃபைக்கு அங்கே 13 சானல் என்று பெயர்தான் பெத்த பெயர். ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் உட்காரக்கூடியவை மூன்றே மூன்று. மச்சினன் 5.8-க்கு மாற்றினான். படம் கண்ணாடி மாதிரி ஆனது... ட்ரோன் வேப்பமரத்துக்குப் பின்னால் போகிற வரைக்கும். 5.8-ல் கூட்டம் குறைவு, ஆனால் மரம், சுவர் என்று குறுக்கே வந்தால் 2.4-ஐவிட சீக்கிரம் மூச்சு வாங்கிவிடும். ட்ரோனும் நாமும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் சங்கதி.

எனக்குச் சின்ன வயசு ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரத்தில் அப்பா மாடியேறி ஆன்டெனாவை மெட்ராஸ் பக்கம் திருப்புவார். "இப்போ தெரியுதா?" "இன்னும் கொஞ்சம்... ஐயோ போச்சு!" அந்த ஆன்டெனாவில் ஒரு நேர்மை இருந்தது. சிக்னல் குறைந்தால் முதலில் புள்ளி புள்ளியாகக் கொட்டும், பிறகு கோடு போடும், அப்புறம்தான் போகும். நம் டிஜிட்டல் படம் அப்படியில்லை. கடைசி நொடி வரை பளிச்சென்று இருக்கும், சட்டென்று உறைந்துவிடும். உறைந்த படமும் பார்ப்பதற்கு நிஜம் மாதிரியே இருந்து தொலைக்கிறது! நீங்கள் தெருவைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, ரெண்டு நொடி முந்தைய தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ஞாயிறு காலை ஆறு மணி. தெருவின் அந்தக் கோடியில் பாவைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். இந்தக் கோடி காலி. நட்டநடுத் தெருவில் ட்ரோனை வைத்துக் கிளப்பினேன். 30 மீட்டர் உயரம், எண்பது மீட்டர் தள்ளி. அரக்குச் சிவப்பில் பாவு மெதுவாக நீண்டது. போனில் பார்த்தபோது எனக்கே புல்லரித்தது. ஐயாயிரத்தை ஏழாயிரமாகக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டே ரெண்டு அடி நடந்தேன்.

படம் போய்விட்டது.

விக்கல் இல்லை, உறையல் இல்லை. ஒரேயடியாகப் போய்விட்டது. 'இணைப்பு இல்லை' என்றது போன். எனக்குக் கண் முன்னால் நண்பன் மனைவியின் வளையல் தெரிந்தது. மந்திரம் ஞாபகம் வந்தது. அமுக்கினேன்!

நாய்க்குட்டி வந்தது. கிளம்பின இடத்துக்கே வந்தது. அதற்குள் கிளம்பின இடத்தில் என்ன நடந்திருந்தது என்றால், பாவை இந்தக் கோடி வரைக்கும் இழுத்துக் கட்டிவிட்டார்கள். ட்ரோன் வைத்திருந்த இடத்துக்கு நேர் மேலே, இடுப்பு உயரத்தில் மூன்று சேலை!

"மாப்ளே! நிறுத்துங்க... நிறுத்துங்க!"

மாமனார் என்னிடம் குரல் உயர்த்தி அன்றுதான் கேட்டேன். பாவைப் பிடித்திருந்தவர்களால் ஓடவும் முடியாது. விட்டால் அத்தனை இழையும் தொய்ந்து சிக்கிக்கொள்ளும். பிடித்த கை பிடித்தபடி எல்லோரும் அண்ணாந்து நிற்க, ட்ரோன் லிஃப்ட் மாதிரி நிதானமாக இறங்குகிறது. கீழே தடை இருந்தால் கண்டுபிடித்து நிற்கும் என்று நண்பன் சொன்னது மரத்துக்கும் சுவருக்கும் சரி. முடிக்கற்றையைவிட மெல்லிய பட்டு இழையை அதன் கண் எங்கே பார்க்கப்போகிறது? இறக்கைக் காற்றில் பாவு அலை அலையாக ஆட ஆரம்பித்தது.

கஞ்சி தடவிக்கொண்டிருந்த ஒரு தாத்தா மட்டும் நிதானமாக, "காத்து நல்லாத்தான் வருது. கொஞ்ச நேரம் அங்கேயே நிக்கச் சொல்லு, சீக்கிரம் காயும்" என்றார்.

"மாமா! அதே பட்டன்... இன்னொரு தடவை!" மச்சினன் கத்தினான்.

அமுக்கினேன். ஆளுயரத்தில் ட்ரோன் அந்தரத்தில் நின்றது. குச்சியை மேலே தள்ளினேன். ஏறியது! போனில் இன்னும் கும்மிருட்டு. ஆனால் ட்ரோன் நான் சொன்னபடி கேட்கிறது. கண்ணால் பார்த்தே ஓட்டிப் பக்கத்துக் காலிமனையில் இறக்கினேன். கை மட்டும் அரைமணி நேரம் இறங்கவில்லை, நடுங்கிக்கொண்டே இருந்தது.

அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து மச்சினன் விசாரணை நடத்தினான். நான் பி.காம். என்பதால் எனக்கு அது ட்ரையல் பேலன்ஸ் மாதிரிதான் புரிந்தது. டேலி ஆகவில்லை என்றால் மொத்தப் புத்தகத்தையும் கிழிக்கக் கூடாது, எந்தப் பக்கத்தில் இடிக்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கே மூன்று பக்கம். ட்ரோனிலிருந்து ரிமோட் வரை அலை. ரிமோட்டிலிருந்து போன் வரை ஒயர். அப்புறம் போன். படம் விக்கினாலோ உறைந்தாலோ பெரும்பாலும் முதல் பக்கம்: நெரிசல், மரம், ஆன்டெனா. சித்திரை வெயிலில் போன் சுட்டு, திரை மங்கி, படம் திக்கித் திக்கி வந்தால் மூன்றாவது. பட்டென்று மொத்தமும் போனால் முதலில் ஒயரைப் பாருங்கள்.

பார்த்தோம். சனிக்கிழமை ராத்திரி போனை சார்ஜ் போட அந்தக் குட்டி ஒயரை உருவியது நான். காலையில் அரைகுறையாகச் செருகியதும் நான். ரெண்டு அடி நடந்ததில் நழுவியிருக்கிறது. எண்பது மீட்டர் வானத்தைத் தாண்டி ரிமோட் வரைக்கும் ஒழுங்காக வந்த படத்துக்கு, அங்கிருந்து அரை அடி தாண்ட முடியவில்லை! ட்ரோன் தொலையவே இல்லை. நான் அண்ணாந்து பார்த்து, குச்சியை லேசாக அசைத்திருந்தால், "இதோ இருக்கேன்பா" என்று அதுவும் அசைந்திருக்கும். அந்த பட்டனுக்கு வேலையே வந்திருக்காது.

மாமனார் காலை முழுக்க என்னிடம் பேசவில்லை. பாவின் அந்த முனையில் குனிந்து இழை முடிந்துகொண்டிருந்தார். காற்றால் அறுந்ததா, தானாக அறுந்ததா என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. எத்தனை என்று மச்சினனை விட்டுக் கேட்டேன். "ஏழு" என்றான். மாமியார் இட்லி வைத்தார்கள். இட்லிக்கும் எனக்கும் அன்று பேச்சுவார்த்தை இல்லை.

சாயங்காலம் மச்சினன்தான் ட்ரோனிலிருந்த மெமரி கார்டை எடுத்து டி.வி.யில் செருகினான். போனுக்குப் படம் வராவிட்டால் என்ன, கார்டில் அத்தனையும் துல்லியமாகப் பதிவாகியிருந்தது! பாவு நீள்கிறது. ட்ரோன் வீட்டைப் பார்த்துத் திரும்புகிறது. தெரு நெருங்கி வருகிறது. கஞ்சி வாளி, தாத்தா, மாமனார், பாவு பிடித்த பெண்கள், எல்லோரும் அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறார்கள். நடுவில் ஒரே ஒருவன் மட்டும் குனிந்து இருண்ட போனை உலுக்கிக்கொண்டிருக்கிறான்.

மாமனார் சிரித்துவிட்டார். "மாப்ளே, எல்லாரும் மேல பார்க்கறாங்க. நீங்க மட்டும் என்ன, ஜாதகமா பார்த்துட்டிருக்கீங்க?"

அப்பாடா!

"முதல்லேருந்து போடுடா" என்றார் மகனிடம். நாற்பது வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்த்த பாவை முதல்முறையாக மேலேயிருந்து பார்க்கிறார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்றார். ஏதோ நெகிழ்ச்சியாகச் சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"நிறுத்து, நிறுத்து. அதோ, மூணாவது மூங்கில்கிட்ட பாரு, பாவு தொய்ஞ்சிருக்கு. கீழேருந்து பார்த்தா தெரியவே இல்ல" என்றவர் என் பக்கம் திரும்பினார். "அடுத்த பாவுக்கும் எடுத்துட்டு வாங்க மாப்ளே. கிளப்பறதை மட்டும் மாடியில வெச்சுக்குங்க."