எண்ணெய்ச் சட்டி இல்லாமல் ரொட்டித்தூள் மீன்



இன்று பாட நூலைச் சற்று மூடிவைத்துவிட்டுச் சமையலறைக்குள் செல்வோம். பெற்றோர் சந்திப்பு நாளன்று ஒரு மாணவனின் தாயார் என்னிடம் கேட்டார்: "டீச்சர், எண்ணெய் ஊத்தாம பொரிக்கிற பெட்டி வாங்கிட்டோம். இனிமே பையனுக்குத் தினம் பிஷ் பிங்கர் கொடுக்கலாம்தானே?" பல வீடுகளில் எழுகின்ற கேள்வி இது. ஆகவே, விடையை விரிவாகவே எழுத விழைகிறேன்.

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் 5 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 29.8 விழுக்காட்டினர் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள். 30 மாணவர் கொண்ட வகுப்பில் ஏறக்குறைய 9 பேர் எனக் கொள்ளலாம். ஆசிரியருக்கு இது வெறும் எண்ணன்று. விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கத் தயங்கிப் பின்வரிசையில் ஒதுங்கி நிற்கும் பிள்ளையின் முகம் அது.

முதலில் அந்தப் பெட்டியைப் புரிந்துகொள்வோம். ஏர் பிரையர் எனப்படும் காற்றுப் பொரிப்பானை 2010இல் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. பெயரில் பொரித்தல் இருப்பினும், அது உண்மையில் விசிறி பொருத்திய சிறிய அடுமனை அடுப்பே. மேலே உள்ள மின்சுருள் காற்றைச் சூடாக்குகிறது; விசிறி அக்காற்றை உணவைச் சுற்றி வேகமாகச் சுழற்றுகிறது. மேற்பரப்பின் ஈரம் விரைந்து உலர்வதால் மொறுமொறுப்பு உண்டாகிறது.

இதனால் நன்மை உண்டா? உண்டு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. சட்டி நிறைய எண்ணெயில் பொரிக்கும்போது ரொட்டித்தூள் எண்ணெயை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். காற்றுப் பொரிப்பானில் அரைக் கிலோ மீனுக்கு ஒன்றரைக் கரண்டி எண்ணெயே போதும்.

ஆயினும், கடையில் உறைநிலையில் விற்கப்படும் பிஷ் பிங்கர் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே ஒருமுறை எண்ணெயில் பொரிக்கப்பட்டு வருகிறது. அதிலுள்ள எண்ணெயையும் உப்பையும் நம் பெட்டி நீக்கிவிடாது. அட்டைப் பெட்டியின் பின்புறத்தைப் படியுங்கள். உட்பொருள்கள் எடையின் இறங்கு வரிசையில்தான் அச்சிடப்படும். முதலில் இருப்பது மீனா, மாவா என்று பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள். அதுவும் ஒரு வாசிப்புப் பயிற்சிதானே!

இன்னொன்றும் என் மனத்தை உறுத்துகிறது. நீங்கள் உண்ணும் மீன்களின் பெயர்களைக் கூறுங்கள் என்று மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் கேட்டேன். சிலர் கெம்போங், தெங்கிரி என்றனர். சிலரோ பிஷ் பிங்கர் என்றனர். 1955இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த உணவு, கடல் சூழ்ந்த பினாங்குத் தீவில் ஒரு மீனின் பெயராகிவிட்டது! எனவே, பிள்ளையைக் காலையில் சந்தைக்கு அழைத்துச் செல்லுங்கள். சௌராஸ்தா சந்தையானாலும் புலாவ் தீக்கூஸ் சந்தையானாலும் சரி. மீனின் கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் இருக்கிறதா என்று அவர்களே பார்க்கட்டும்.

இனிச் செய்முறை. சியாகாப் எனப்படும் கொடுவா மீனில் அரைக் கிலோ சதையை முள்ளும் தோலும் நீக்கி வாங்குங்கள். இரு விரல் அகலத் துண்டுகளாக்கி, ஈரத்தை நன்கு ஒற்றியெடுங்கள். உப்பு, மஞ்சள்தூள், மிளகுத்தூள், சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கால் மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள்.

ரொட்டித்தூளுக்கு நம் பினாங்கின் பெங்காலி ரொட்டியே போதும். முந்தைய நாள் ரொட்டியை உலர்த்திப் பொடித்து, ஒன்றரைக் கிண்ணம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு இளம் பொன்னிறமாக வறுங்கள். இப்படியே செய்தாக வேண்டும். எண்ணெய் படாத தூள் காற்றில் வெளிறி, மாவு போலவே நின்றுவிடும். பலர் இப்பெட்டியைக் குறைகூறுவதற்கு இதுவே காரணம்.

மூன்று தட்டுகளில் கோதுமை மாவு, அடித்த முட்டை, வறுத்த தூள் ஆகியவற்றை வையுங்கள். மாவு ஈரத்தை உறிஞ்சும், முட்டை பசையாகும், தூள் அதன்மேல் ஒட்டும். வரிசை மாறினால் பூச்சு உரிந்துவிடும். பெட்டியை 200 பாகையில் 5 நிமிடம் சூடாக்கி, கூடையில் அரைக் கரண்டி எண்ணெய் தடவி, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஒரே அடுக்காக அடுக்குங்கள். 5 நிமிடம் கழித்துத் திருப்பி, மேலும் 4 அல்லது 5 நிமிடம் விடுங்கள். சதை வெண்மையாகி இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்துவிட்டது. பொன்னிறம் போதும், கருக விடாதீர்கள்.

தட்டுகளில் புரட்டும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். பச்சை மீனையும் முட்டையையும் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவச் சொல்லுங்கள். சூடான கூடையை மட்டும் பெரியவர்கள் கையாளுங்கள். தன் கையால் செய்த மீனை வேண்டாமென்று ஒதுக்கும் பிள்ளையை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

இதைப் பள்ளிக்குக் கட்டிக்கொடுக்கலாமா என்றும் கேட்பீர்கள். வேண்டாம். சமைத்த மீனை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைப்பது நல்லதன்று. நம் ஊர் வெயிலில் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணி நேரமே எல்லை. விடியலில் சமைத்தது ஓய்வு வேளைவரை தாங்காது. இரவு உணவாகச் செய்து, குடும்பமாக அமர்ந்து உண்ணுங்கள். சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் கால், கால், அரை என்னும் தட்டு முறைப்படி காற்பங்கு சோறும், காற்பங்கு மீனும், பாதித் தட்டு காய்கனிகளும் இருக்கட்டும்.

அந்தத் தாயாருக்கு நான் கூறிய விடை இதுதான்: பெட்டி நல்லதே, தினமும் வேண்டாம், வாரம் ஒருமுறை போதும். கடைப் பொட்டலத்துக்கு மாற்றாகச் சந்தை மீன் அதில் செல்லட்டும். மற்ற நாள்களில் கெம்போங் மீன் குழம்பும் பிள்ளையின் தட்டுக்கு வரட்டும்.

இவ்வார இறுதியில் செய்து பாருங்கள். உங்கள் பிள்ளை எந்த மீனைத் தேர்ந்தெடுத்தான், எந்த மீனைத் தேர்ந்தெடுத்தாள் என்று எனக்கும் எழுதுங்கள்.