மீசை வைத்துக்கொண்ட பெயர்கள்

ஜெர்மனி தேசத்தில் லைப்ஸிக் நகரத்திலிருந்து 'கார்ட்டன்லௌபெ' என்றொரு வாரப் பத்திரிகை வெளிவந்துகொண்டிருந்தது. தமிழில் சொன்னால் 'தோட்டத்துப் பந்தல்' என்று ஆகும். படங்கள் நிறைந்த பத்திரிகை; குடும்பத்தார் எல்லோரும் கூடியிருந்து படிப்பதற்கென்றே ஏற்பட்டது. 1866-ம் வருஷத்தில் அதிலே 'கோல்டெல்ஸெ' என்ற தொடர்கதை வந்தது. எழுதியவர் ஈ. மார்லிட் என்று அச்சிட்டிருந்தார்கள். ஈ என்றால் எர்ன்ஸ்டோ, எமிலோ என்று வாசகர் நினைத்துக்கொண்டால் அதற்கு மார்லிட் பொறுப்பாளியல்லர். அவர்கள் எழுத்தில் யூஜீனி என்ற பெண் பெயருக்கும் அதுவே முதலெழுத்து.

யூஜீனி யோன் என்னும் அந்த அம்மையார் 1825-ல் ஆர்ன்ஸ்டாட் என்ற சிற்றூரில் பிறந்தவர். வியன்னாவிலே சங்கீதம் பயின்று மேடையேறிப் பாடியவர். காது மந்தமானதால் பாட்டை விட்டார். பின்னர் ஒரு சிற்றரசியின் துணைவியாகப் பல வருஷம் ஊழியம் செய்தார். நாற்பது வயதை ஒட்டித்தான் பேனா பிடித்தார். பத்திரிகையோ பெருகிக்கொண்டே போய் 1875-ல் சுமார் 3,82,000 பிரதிகளை எட்டிற்று. அதில் அம்மையாரின் பங்கு கொஞ்சமன்று. எழுத்தில் வந்த பணத்தைக் கொண்டு சொந்த ஊரிலே ஒரு மாளிகையும் கட்டிக்கொண்டார். அதற்குப் பெயர் 'வில்லா மார்லிட்'. பெற்றோர் இட்ட பெயர் வீட்டு வாசலிலும் ஏறவில்லை, பாருங்கள்!

இங்கிலாந்தின் ஜார்ஜ் எலியட்டும், பிரான்ஸின் ஜார்ஜ் ஸாண்டும் ஸ்திரீகளே என்பதை நேயர்கள் அறிவார்கள். நமது தமிழ்நாட்டிலோ விஷயம் தலைகீழ். ஸ்திரீகள் புனைபெயர் வைத்துக்கொண்டபோதும் குமுதினி, லக்ஷ்மி, அநுத்தமா என்று பெண் பெயராகவே வைத்துக்கொண்டார்கள். முக்காடு போட்டுக்கொண்டவர்கள் புருஷர்கள்தாம். மனைவியின் பெயரான சுஜாதா என்பதைப் போட்டுக்கொண்டு எழுதிய எஸ். ரங்கராஜன் அவர்களை யார் மறக்க முடியும்? ஆனால் அதெல்லாம் ஒரு விளையாட்டு. உண்மையாகவே மறைந்து நிற்கவேண்டியிருந்த ஒருவர் நாஞ்சில் நாட்டிலே இருந்தார்.

தேரூரில் 1876-ல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையைத்தான் சொல்லுகிறோம். அவர் எழுதிய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' முதலில் 'தமிழன்' என்ற பத்திரிகையில், 1917-18-ம் வருஷங்களில், ஆசிரியர் பெயரின்றியே வெளிவந்தது. புத்தகமானது 1942-ல். கதை சொல்பவள் ஒரு பெண். ஐந்து தாரம் மணந்த ஒருவருக்கு ஐந்தாம் தாரமாக வாழ்க்கைப்பட்டவள்.

மருமக்கள் வழி என்றால் என்னவென்று அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த முறைப்படி ஒருவன் ஆண்டனுபவித்த குடும்பச் சொத்து அவன் பிள்ளைகளைச் சேராது. சகோதரியின் மக்களைச் சேரும். சொத்தை நிர்வகிப்பவர் காரணவர். மனைவி மக்களுக்கு 'உகந்துடைமை' என்ற பெயரால் கொஞ்சம் கிடைப்பதுண்டு. அதையும் வாங்குவதற்குள் கோர்ட்டுப் படி தேய்ந்துவிடும். வயலும் தோப்பும் நிறைந்த வீட்டில் முப்பது வருஷம் அடுப்பூதியவள், கணவன் கண்ணை மூடிய மறுநாள் அந்நியளாகிவிடுவாள். மாமியார் கொடுமை, சக்களத்திச் சண்டை, வக்கீல் வீட்டு நடை எல்லாவற்றையும் அந்த ஐந்தாம் தாரத்தின் வாய்மொழியாகவே கவிமணி வைத்தார். படிப்பவருக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடித்தபின் நெஞ்சில் ஏதோ உறுத்தும்.

எமது உறவில் ஓர் ஆச்சி இருந்தார். அவரும் இம்முறையின் கசப்பை அறிந்தவர். அவருக்கு மான்மியத்தை ஒரு நாள் வாசித்துக் காட்டினோம். பாதியிலே நிறுத்தச் சொல்லி, "இதை ஆம்பிளையா எழுதினான்? எந்த வீட்டு அடுக்களைக்குள்ளே இருந்து கேட்டானாம்?" என்றார். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை. அந்தக் கேள்விக்கு இன்றும் எம்மிடம் முழுமையான விடை இல்லை. அவர் திருவனந்தபுரத்தில் பெண்கள் கல்லூரியிலே தமிழ் கற்பித்தவர் என்பது உண்மை. அது மட்டும் போதுமா?

கவிமணி பெயரை ஒளித்த காரணம் எமக்கு விளங்குகிறது. சாடியது சொந்தச் சமூகத்தை. காரணவர்களெல்லாம் உற்றார் உறவினர். ஆனால் உண்மையான ஐந்தாம் தாரம் ஒருத்தி எழுதியிருந்தால்? எழுதப் படிக்கத் தெரிந்தவளாயிருந்தாலும், மறுநாள் வீட்டில் நெல் அளப்பது நின்றிருக்கும். ஜெர்மன் அம்மையாருக்கு ஓர் எழுத்தை மாத்திரம் வைத்துக்கொண்டு ஒளிய முடிந்தது; தபாலில் பணமும் வந்தது. இவளுக்கோ ஒளிவதற்கும் ஒரு புருஷன் தேவைப்பட்டான். இந்த நினைவு எமக்குச் சங்கடமாகவே இருக்கிறது. கவிமணியிடத்தில் எமக்குள்ள பக்தி இதனால் குறைந்துவிடவில்லை.

கொல்லம் 1101-ம் ஆண்டில் திருவாங்கூர் அரசாங்கம் நாஞ்சில் நாட்டு வேளாளருக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. மனைவி மக்களுக்கு உரிமை கிடைத்தது. சட்டம் வந்த பிறகும் புத்தகம் விலை போயிற்று, இன்றும் போகிறது.

பெண்ணே தன் பெயரில் எழுதுவதற்கு அந்தச் சீமையில் இன்னும் சில காலம் ஆயிற்று. தக்கலைப் பகுதிக் குடும்பத்தைச் சேர்ந்தவரும் ஆங்கிலப் பேராசிரியையுமான ஹெப்சிபா ஜேசுதாசன் 1964-ல் 'புத்தம் வீடு' என்ற நாவலை வெளியிட்டார். பனையேறிகள் வாழும் கிராமம். லிஸி என்ற பெண், பருவமடைந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் அடைபடுகிறாள். அந்தப் புத்தகத்தின் அட்டையிலே ஆசிரியையின் பெயர் முழுசாக இருக்கிறது. எமது ஆச்சி அதைப் பார்க்க இருக்கவில்லை.