சூளை காணாத பாண்டங்கள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலக் கரைக்குத் தெற்கே, அட்லாண்டிக் கடலில் இருக்கிறது மார்த்தாஸ் வினியார்ட் தீவு. வுட்ஸ் ஹோல் துறையில் கப்பல் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் தீவுக்குப் போய்விடலாம். தீவின் மேற்குக் கோடியில் அக்வின்னா என்றொரு சிற்றூர். அங்கே நிலம் சட்டென்று முடிந்து, ஏறக்குறைய 150 அடிக்குக் கீழே அலையடிக்கிறது. அந்தச் செங்குத்துச் சரிவில் கருங்கல்லோ சுண்ணாம்புக் கல்லோ இல்லை. களிமண்ணும் மணலும் நிலக்கரியாகிக்கொண்டிருக்கும் பழைய மரத்துண்டுகளும்தான். பழைய வரைபடங்களில் 'கே ஹெட்' என்று குறித்திருப்பது இந்த இடத்தைத்தான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இது வாம்பனோக் பழங்குடியினரின் மண். அந்த மண்ணில் பாண்டம் செய்கிறவர்களைப் பார்க்கத்தான் அங்கே போனேன்.

முதலில் கடற்கரையில் நடந்து, கீழிருந்து மேட்டைப் பார்த்தேன். சிவப்பு, வெள்ளை, மஞ்சள், சாம்பல், கறுப்பு என்று பட்டை பட்டையாக நிறங்கள். சிவப்பும் மஞ்சளும் இரும்பு கொடுத்தவை. வெள்ளை, சீனக்களிமண் வகை. கறுப்பு, மக்கிப் புதைந்த தாவரங்களின் மிச்சமான பழுப்பு நிலக்கரி. ஒருசில இடங்களில் பச்சை மணலும் உண்டு. அந்த அடுக்கு ஒருகாலத்தில் கடலடியாக இருந்தது, அதில் சுறாப் பற்களும் திமிங்கல எலும்புகளும் கிடைத்திருக்கின்றன. அடிப்பகுதி மண் டைனோசர் காலத்தைச் சேர்ந்தது.

படிந்த வரிசையிலேயே கிடந்திருந்தால் இந்த அடுக்குகள் மண்ணுக்கடியில்தான் இருந்திருக்கும். கடைசிப் பனியுகத்தில் வடக்கிலிருந்து நகர்ந்துவந்த பனிப்பாளம் அவற்றைப் பெயர்த்து, மடித்து, மேலே தள்ளிவிட்டது. அதனால்தான் பட்டைகள் கிடையாகப் போகாமல் சாய்ந்தும் வளைந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் நிற்கின்றன. புவியியலின் முன்னோடிகளில் ஒருவரான சார்லஸ் லயெல் 1842-இல் இங்கே வந்து இந்த அடுக்குகளையும் புதைபடிவங்களையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

வாம்பனோக் மக்களிடம் இதற்கு வேறொரு வரலாறு இருக்கிறது. மோஷப் என்ற பேருருவம் கொண்ட மூதாதை, கடலில் இறங்கித் திமிங்கலங்களைப் பிடித்து இந்த மேட்டில் அடித்துக் கொல்வாராம். சிவப்பு, அந்த ரத்தம். கறுப்பு, அவர் சமைத்த அடுப்பின் கரி. மண்ணுக்குள் திமிங்கல எலும்பைக் கண்ட மக்கள் சொன்ன கதை இது. அதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

மேட்டின் உச்சியில் பழங்குடிக் குடும்பங்கள் நடத்தும் சிறு கடைகள் இருக்கின்றன. அங்கே அறிமுகமான ஒரு மூத்த பெண்மணி, தான் வேலை செய்வதைப் பார்க்க அனுமதித்தார். மேட்டை வெட்டி மண் எடுப்பதில்லை என்பதைத்தான் முதலில் சொன்னார். மழையிலும் காற்றிலும் தானாகச் சரிந்து விழுந்த கட்டிகளை மட்டும் பொறுக்கி வருகிறார்கள். நிறம் நிறமாகப் பிரித்துக் காயவைத்து, நொறுக்கி, நீரில் ஊறவிட்டு, கல்லும் கரித்துண்டும் போகச் சலித்துப் பிசைகிறார்கள்.

அடுத்து வந்ததுதான் நுட்பமான வேலை. சிவப்பு, வெள்ளை, சாம்பல் மண்ணைத் தனித்தனியே தட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரண்டே மடிப்பாக மடித்தார். அதற்கு மேல் பிசைந்தால் நிறங்கள் கலந்து ஒரே பழுப்பாகிவிடும். அந்த உருண்டையில் கட்டைவிரலை அழுத்திக் குழித்து, சுற்றிச் சுற்றிக் கிள்ளி, கையளவுக் கிண்ணமாக்கினார். அப்போது வெளிப்புறம் சேறு பூசியதுபோல் மங்கலாகவே இருந்தது. ஏற்கெனவே அரைக்காய்ச்சலில் இருந்த இன்னொரு கிண்ணத்தை எடுத்து, சிப்பி ஓட்டின் விளிம்பால் மெல்லச் சுரண்டினார். மேல்தோல் சுருள் சுருளாக உதிர, உள்ளிருந்த நிறங்கள் வளைவளைவாக வெளிவந்தன, கடற்கரையில் நான் பார்த்த அதே மடிப்புகள். பிறகு வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினார்.

ஒவ்வொரு நிற மண்ணும் காயும்போது ஒவ்வொரு அளவு சுருங்கும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் இரண்டு நிறங்கள் சேரும் இடத்தில் விரிசல் ஓடிவிடும். முதலில் நிழல், பிறகுதான் வெயில். அதோடு வேலை முடிகிறது. சூளைக்குப் போவதே இல்லை. சுட்டால் மஞ்சள் சிவந்துவிடும், கறுப்பு எரிந்துபோகும், இத்தனை வண்ணமும் போய்ச் செங்கல் நிறம் ஓங்கி நிற்கும். வேகாத பாண்டம் என்பதால் இதில் தண்ணீர் ஊற்ற முடியாது, ஊற்றினால் கரைந்துவிடும். முன்னோர் சமையலுக்குச் செய்த பானைகள் சிப்பித்தூள் கலந்து நெருப்பில் சுட்டவை. வெயிலில் மட்டும் காய்ந்த இந்த வண்ணப் பாண்டமோ, 19-ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பலில் இறங்கி மாட்டுவண்டியில் மேடேறி வந்த பயணிகளை ஒட்டி வளர்ந்த தொழில்.

இதே மண் செங்கலுக்கும் மட்பாண்டத்துக்கும் என்று கப்பல் கப்பலாக வெளியூர் போன காலமும் உண்டு. 1870-இல் மாநில அரசு இந்த இடத்தைச் சாதாரண நகராட்சி ஆக்கியதும், பொதுநிலம் பழங்குடியின் கையைவிட்டு நழுவியது. 1974-இல் அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1987-இல் மத்திய அரசின் அங்கீகாரமும், நிலத்தை மீட்கும் சட்டமும் வந்தன. அந்தக் காலத்தில் பழங்குடி மன்றத்துக்குத் தலைமை தாங்கிய கிளாடிஸ் விடிஸ், இந்தக் களிமண்ணில் பாண்டம் செய்து பேரெடுத்தவர். மண்ணைப் பிசைந்த கையே மண்ணுக்கான உரிமையையும் கேட்டது என்பது இந்தத் தொழிலின் பெருமை என்பேன்.

கடல் மேட்டை அரித்துக்கொண்டே இருக்கிறது. விளிம்பு நெருங்கிவிட்டதால், 1856-இல் கட்டிய செங்கல் கலங்கரை விளக்கத்தையே 2015-இல் அப்படியே நகர்த்தி உள்ளே தள்ளி வைத்தார்கள். அலையைத் தடுக்க முடியாது. மனிதக் கையைத் தடுக்கலாம். ஒருகாலத்தில் கடற்கரைக்கு வந்தவர்கள் இந்த மண்ணைக் குழைத்து உடம்பெல்லாம் பூசிக் குளித்தார்கள். இப்போது மேட்டில் ஏறுவதும் மண்ணைத் தொட்டு எடுப்பதும் தடை. மண் எடுக்கும் உரிமை பழங்குடியினருக்கு மட்டுமே. இதைவிட நியாயமான ஏற்பாடு வேறு இருக்க முடியாது. விழுந்ததை மட்டும் எடுக்கத் தெரிந்தவர்களிடம்தான் விழுந்துகொண்டிருக்கும் மண்ணை ஒப்படைக்க வேண்டும்.

அந்தப் பக்கம் போகும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேட்டை வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். நினைவாக எதுவும் வேண்டுமென்றால் கீழே கிடக்கும் மண்ணை எடுக்காதீர்கள். உச்சியில் உள்ள கடைகளில், அந்த மண்ணுக்கு உரியவர்கள் கையால் செய்ததை அவர்கள் சொல்லும் விலை கொடுத்து வாங்குங்கள்.