பின்னாலிருந்து எடுத்த படம்

ஐந்நூறு ரூபாய் அபராதத்தை எதிர்த்து வழக்காடப் போகிறேன் என்றதும் பக்கத்து ஹட்டியை, அதாவது பக்கத்து மலைக் கிராமத்தைச் சேர்ந்த இளம் வழக்கறிஞர் சிரித்துவிட்டார். "கட்டிட்டுப் போயிருங்கண்ணா. கோர்ட்டுக்கு வர்ற அன்னைக்குப் பறிக்காம விடுற கொழுந்தே அதுக்கு மேல போகும்" என்றார். கணக்கு சரிதான். அந்தக் கணக்கை எல்லோரும் போட்டுப் பார்த்துக் கட்டிவிடுவதால்தான் இந்த அபராதங்களை யாரும் கேள்வி கேட்பதில்லை என்பது என் வாதம்.

நடந்தது இதுதான். எனக்குச் சர்க்கரை நோய். காலையில் இன்சுலின் போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். சீசன் நேரத்தில் எங்கள் நீலகிரி மலைப்பாதையில் நேரம் என்று ஒன்று கிடையாது. கீழிருந்து வருகிறவர்கள் குன்னூர் வழியாக ஏறிக் கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று மே மாதத்தில் ஒருவழி ஆக்குகிறார்கள். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்களுக்குத்தான் இ-பாஸ் என்று சென்னை உயர் நீதிமன்றமே வரம்பு கட்டியது. உள்ளூர்ப் பதிவான நம் டிஎன் 43 வண்டிகளுக்குப் பாஸ் வேண்டாம். ஆனால் நெரிசலில் உட்காருவதில் உள்ளூர், வெளியூர் பேதம் இல்லை. கடைவீதி ஏற்றத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது (எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை, இந்த விஷயத்தில் மலையில் எல்லா ஊரும் ஒன்றுதான்) கை நடுங்கத் தொடங்கியது. காதுக்குப் பின்னால் குளிர்ந்த வியர்வை. முன்னால் போன வேன் இரண்டாகத் தெரிந்தது. ஓரம் கட்டி, நான்கு விளக்குகளையும் மின்னவிட்டு, விரலைக் குத்திப் பார்த்தால் 52. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்வு என்பார்கள்.

எதிரே டீக்கடை. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே சர்க்கரையை அள்ளிப் போட்ட டீயோடு வந்தார். போகும்போது, ஏற்றமாயிற்றே என்று, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டும் போனார். மலைக்காரர் கை அப்படித்தான். சும்மா நிற்கிற வண்டியைப் பார்த்தால் கல்லைத் தேடும். இப்படித் தாழ்ந்தால் சுமார் பதினைந்து கிராம் சர்க்கரை உள்ளே போக வேண்டும், பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பரிசோதிக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லித்தரும் வழி. பிரிட்டனில் இன்னும் கறார். வண்டியை நிறுத்து, சாவியை எடு, ஓட்டுநர் இருக்கையைவிட்டு நகர்ந்து உட்கார், சர்க்கரை சரியான பிறகும் 45 நிமிடம் ஓட்டாதே என்று ஓட்டுநர் உரிமம் தருகிற துறையே சொல்கிறது. நம் கடைவீதியில் 45 நிமிடம் நின்றால் நகரமே என்னைச் சபித்திருக்கும்.

மாலையில் செல்போனுக்குச் செலான் வந்தது. நோ பார்க்கிங். கூடவே ஒரு படம்.

அந்தப் படத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வண்டியின் பின்பக்கம். நம்பர் பிளேட் துல்லியம். இரண்டு பக்கமும் மஞ்சள் விளக்கு ஒரே நேரத்தில் எரிகிறது; அதாவது அபாய விளக்கு. சக்கரத்தடியில் கல். பின் கண்ணாடி வழியாக, ஸ்டியரிங்மேல் சாய்ந்த ஒரு தலை. என் தலைதான். படம் எடுத்தவர் நின்ற இடத்திலிருந்து என் ஜன்னல் நாலே எட்டு. அந்த நாலு எட்டு அவருக்குத் தேவைப்படவில்லை.

முன்பு அப்படியில்லை. போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டுவார். திட்டுவார், பேரம் பேசுவார், நூறு ரூபாய் கை மாறும். அதே ஜன்னலில்தான், "என்னய்யா உடம்பு சரியில்லையா, தண்ணி குடி, அந்தப் பக்கம் தள்ளி நிறுத்திக்க" என்கிற குரலும் கேட்கும். லஞ்சத்தை ஒழிக்கத்தான் செலானைக் கேமராவுக்குக் கொடுத்தார்கள், நான் எதிர்க்கவில்லை. லஞ்சமும் இரக்கமும் ஒரே வாசல் வழியாகத்தான் வந்துபோய்க்கொண்டிருந்தன. வாசலை அடைத்தவர்கள், இரக்கத்துக்கு வேறு வழி திறந்துவிட்டிருக்க வேண்டும்.

சட்டத்தைப் படித்தபோது இன்னொரு வேடிக்கை. மோட்டார் வாகனச் சட்டம் 122-ஆவது பிரிவு, இடைஞ்சலாக வண்டியை நிறுத்தக் கூடாது என்கிறது. 177-ஆவது பிரிவில் முன்பு நூறு ரூபாயாக இருந்த பொது அபராதம் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்நூறு. மறுமுறை என்றால் 1,500. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து புதுக் கட்டணம். அதே சட்டத்தின் 186-ஆவது பிரிவோ, உடல்நிலை சரியில்லை என்று தெரிந்தும் வண்டி ஓட்டினால் ஆயிரம் ரூபாய் வரை என்கிறது. ஆக, நான் நிறுத்தியதற்கு ஐந்நூறு. நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் ஆயிரம். பாதி விலையில் முடிந்தது என்று நிம்மதிப்பட வேண்டியதுதானா?

வழக்கறிஞர் தம்பிக்கு இந்த இடத்தில்தான் ருசி தட்டியது. பெரிய தீங்கைத் தவிர்க்க, கெட்ட எண்ணமில்லாமல் செய்த காரியம் குற்றமாகாது என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 81-ஆவது பிரிவு இருந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 19. அதற்குச் சட்டமே தரும் உதாரணம் ஒரு கப்பல் தலைவன். திருப்பாவிட்டால் இருபது முப்பது பேர் இருக்கும் படகுமேல் மோதுவான். திருப்பினால் இரண்டே பேர் இருக்கும் படகுமேல் மோதக்கூடும். திருப்பலாம் என்கிறது சட்டம். கொண்டை ஊசி வளைவில் நினைவு தப்புகிறவன் எத்தனை பேர் இருக்கிற படகுமேல் போவான் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பழைய தண்டனைச் சட்டத்துக்கும் நம் மலைக்கும் ஓர் உறவு உண்டு. அதன் முதல் வரைவுக்குத் தலைமை தாங்கிய மெக்காலே, 1834-இல் இந்தியாவில் வந்திறங்கிய கையோடு பல்லக்கில் ஊட்டிக்கு ஏறினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங் உடம்பு சரியில்லாமல் இங்கே தங்கியிருந்ததே காரணம். ஒருவர் உடம்புக்காக அரசாங்கமே மலையேறி வந்தது. வெயிலில் வாடிய வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அதிகாரிகளும் தேறுவதற்காகத்தான் ஊட்டியையே வளர்த்தார்கள். மருத்துவக் காரணத்துக்காகவே பிறந்த ஊர்களில், மருத்துவக் காரணத்துக்காகக் கால்மணி நேரம் நிற்க இடமில்லை.

வெளிநாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு வண்டி நிறுத்தத் தனி அட்டை தருகிறார்கள். இங்கிலாந்தில் 2019-இலிருந்து கண்ணுக்குத் தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்கும் அது கிடைக்கிறது. எனக்கு அப்படி ஓர் அட்டை வேண்டாம். மாதத்தில் முக்கால்வாசி நாள் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் அரிவாள் செல் சோகை உள்ளவர்களை நினைத்துப் பார்க்கிறேன். இந்தியாவில் அந்த நோய் முதலில் கண்டறியப்பட்டது 1952-இல், இதே நீலகிரியின் பழங்குடிகளிடம். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் அதுவும் ஒன்று. வலி வந்தால் எலும்பைப் பிழியும். வெளியே ஒன்றும் தெரியாது. கூடலூர்ப் பக்கத்திலிருந்து அப்படி ஒரு பிள்ளையை ஏற்றிவரும் ஜீப்பின் பின்பக்கத்தையும் இதே கேமரா இதே மாதிரிதான் எடுக்கும்.

மருத்துவர் சான்றிதழ் தந்தார். நீண்ட நாள் நோயாளி என்று. அன்றைக்கு, அந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்று அவர் எப்படி எழுதுவார்? அதை அறிந்த ஒரே சாட்சி என் சட்டைப்பையிலிருந்த மீட்டர். தேதி, மணி, 52. காவல் நிலையத்தில் அதிகாரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "உள்ளேயே இருக்கீங்களே சார்" என்றார் வருத்தத்தோடுதான். "ஆனா சிஸ்டத்துல ஏறிருச்சு. இனி கோர்ட்டுலதான் சொல்லணும்."

நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டது. முட்டுக் கொடுத்திருக்கிறாரே, நிதானமாகத் திட்டமிட்டு நிறுத்தியதுதானே என்று. டீக்கடைக்காரரின் நல்ல மனசு எனக்கு எதிரான சாட்சியானது. நீதிபதி மீட்டரை வாங்கிப் பார்த்தார். அவர் வீட்டிலும் ஒன்று இருக்கும் போல. பொத்தானை அழுத்தி நினைவகத்துக்குப் போக அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

தீர்ப்பு, எச்சரித்து விடுதலை. தம்பி கையைக் குலுக்கினார். நான் கேட்டது குற்றமில்லை என்ற சொல்லை. கிடைத்தது, குற்றம்தான், போகட்டும் என்ற சொல். எனக்கு அது உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது. படி இறங்கும்போது கேட்டேன்: "மறுபடி சர்க்கரை இறங்கி நிறுத்தினால் ஐந்நூறா, ஆயிரத்து ஐந்நூறா?"

"அதை சிஸ்டத்துல எப்படி ஏத்துறாங்கன்னு பாக்கணும்ணா" என்றார்.