நம்பகம் என்னும் சொல்

1910ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், சென்னை மவுண்ட் ரோடில் ஓட்டல் நடத்திவந்த தாஞ்சலிஸ் என்பவர் தாமே வடிவமைத்த விமானமொன்றைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். அதைக் கட்டித் தந்தது சிம்சன் நிறுவனம். 1911 பிப்ரவரி 18இல் அலகாபாத்திலிருந்து நைனிக்கு உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் சென்றதற்கு ஏறத்தாழ ஓராண்டு முந்தைய செய்தி இது. தாமே விமானம் கட்டும் அவ்வழக்கம் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. அமோல் யாதவ் மும்பையில் தம் குடியிருப்பின் மொட்டைமாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானத்திற்கு 2019இல் சோதனைப் பறப்பு அனுமதி கிடைத்தது.

குன்னூருக்கு அருகே தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் மின்பராமரிப்புப் பணியில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவரும் இந்த வரிசையில் சேர முயல்கிறார். கோவையில் உள்ள நண்பர்கள் இருவரோடு சேர்ந்து, இருவர் அமரும் சிறு விமானமொன்றைக் கட்டி வருகிறார். மின்னமைப்பு முழுவதும் அவர் பொறுப்பு. அதைப் பற்றித் தமிழில் எழுதிய இருபது பக்கக் குறிப்பைத் திருத்தித் தருமாறு நம்மிடம் கேட்டார். "எது கெட்டா என்ன ஆகும்னு எனக்குப் புரியறாப்ல எழுதிக் குடுங்க, அப்புறம் ஏறுங்க" என்று அவருடைய மனைவி நிபந்தனை விதித்திருக்கிறாராம். இருபது பக்கங்களும் அந்த ஒரு வாசகிக்காக எழுதப்பட்டவை.

குறிப்பின் மையக் கேள்வி, எந்த ஆல்டர்னேட்டரைப் பொருத்துவது என்பது. கோவைக் கடைகளில் 60 ஆம்பியர் தரும் கார் ஆல்டர்னேட்டர் மலிவாகக் கிடைக்கும்போது வேறெதற்கு என்பது நண்பர்களின் வாதம். மாணவர் முதலில் தேவையைக் கூட்டிப் பார்த்தார். ரேடியோ, டிரான்ஸ்பாண்டர், விளக்குகள், கருவித்திரை எல்லாம் சேர்ந்து 13 ஆம்பியர். அவர்கள் வாங்கியுள்ள ரோட்டாக்ஸ் 912 எஞ்சினுக்குள்ளேயே நிலைக்காந்த ஜெனரேட்டர் ஒன்று உண்டு; முழு வேகத்தில் சுமார் 250 வாட், அதாவது 18 ஆம்பியர் தரும். தொடர்சுமை முழுத்திறனில் ஐந்தில் நான்கு பங்கைத் தாண்டக்கூடாது என்ற வழக்கமான விதிப்படி 14.4 வரை செல்லலாம். இடம் குறுகலானது, ஆயினும் போதுமானது.

கார் ஆல்டர்னேட்டரைச் சேர்த்தால் ஒரு பெல்ட், ஒரு புல்லி, அதைத் தாங்கும் பிடிமானம், சில கிலோ எடை எல்லாம் கூடவே வந்து சேரும். ஆல்டர்னேட்டர் நன்றாகச் சுழன்றுகொண்டிருக்கும்போதே அதிர்வினால் பிடிமானத்தில் விரிசல் விழுவதுண்டு. மேலும் அதன் ரெகுலேட்டர் உள்ளேயே அமைந்திருப்பதால், அது பழுதாகி வோல்டேஜ் கட்டுக்கடங்காமல் ஏறும்போது வெளியிலிருந்து அணைப்பது எளிதன்று. கருவித்திரை கருகும், பேட்டரி கொதிக்கும். நிலைக்காந்த ஜெனரேட்டரும் எஞ்சின் சுழலும்வரை அணையாது. ஆகவே வோல்டேஜ் 16ஐ எட்டியதும் அதன் தொடர்பைத் துண்டிக்க ஒரு ரிலேயைத் தனியாகப் பொருத்தியிருக்கிறார்.

மனைவி கேட்ட முதல் கேள்வி, கரண்ட் போனால் எஞ்சின் நிற்குமா என்பது. நிற்காது. இந்த எஞ்சினின் தீப்பொறிக்கான மின்சாரம் அதற்கென்றே உள்ள தனிச்சுருள்களிலிருந்து வருகிறது. பேட்டரியின் தயவு அதற்குத் தேவையில்லை. ரைட் சகோதரர்களும் 1903இல் எஞ்சினைக் கிளப்பப் பயன்படுத்திய உலர் மின்கலங்களைத் தரையிலேயே விட்டுவிட்டு, மேக்னெட்டோவை மட்டும் நம்பி மேலெழுந்தார்கள்.

அடுத்த கேள்வி, ரேடியோவும் திரையும் பேட்டரியில் எவ்வளவு நேரம் ஓடும் என்பது. "ஏறக்குறைய ஒரு மணி நேரம்" என்று குறிப்பில் இருந்தது. "அளந்து பாத்தீங்களா, கணக்கா?" என்றாராம் அவர். கணக்குதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் விமானத்தை நிறுத்தி, அவசியமானவற்றை மட்டும் இயக்கி, கடிகாரத்தோடு உட்கார்ந்தார்கள். 47 நிமிடம் தாங்கியது. சார்ஜ் நின்றால் அரை மணிக்குள் தரையிறங்க வேண்டும், இச்சோதனையை ஆண்டுதோறும் செய்ய வேண்டும் என்று அப்பக்கம் மாற்றி எழுதப்பட்டது.

நாம் திருத்தியவை பெரும்பாலும் சந்திப்பிழைகளே. ஓரிடத்தில் மட்டும் ஒரு வாக்கியத்தை அடித்தோம். "இந்த ரெகுலேட்டர் மிகவும் நம்பகமானது" என்று எழுதியிருந்தார். "தம்பி, இது கெட்டுப்போகும் நாளில் என்ன நடக்கும் என்று எழுதுங்கள்" என்றோம். "ஐயா, அது சூட்டில்தான் போகும். மேலே போகப் போகக் காற்று லேசாகிவிடும், சூடு இறங்காது" என்றார். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்திலேயே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ரெகுலேட்டரை எஞ்சின் சூட்டிலிருந்து விலக்கி, அதற்குத் தனிக் காற்றுக்குழாய் வைத்த பிறகே அப்பகுதியை முடித்தார்.

இந்த மனப்பாங்கு அவருக்குத் தொழிற்சாலையில் வாய்த்தது என்று தோன்றுகிறது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கிய மலை இது. ஆயினும் பருவமழையில் மரம் விழுந்தால் எஸ்டேட்டுகள் இருண்டுவிடும். வாட்டும் தொட்டிகளின் விசிறி நின்றால் இலை சூடேறிக் கெடும். எனவே ஒவ்வொரு தொழிற்சாலையிலும் டீசல் ஜெனரேட்டர் நிற்கிறது. மின்சாரம் இருக்கும் நாளிலேயே அதை ஓட்டிப் பார்க்கிறார்கள். நம்பகம் என்ற சொல்லை விமரிசனத்தில் தாராளமாகப் புழங்கும் நாம், அதன் பொருளைக் கற்க இங்கும் ஒருமுறை வந்து போகலாம். கெடாது என்று வாக்களிக்கும் பொருள் எதுவும் இம்மலையில் இல்லை. கெட்டால் என்ன செய்வது என்று முன்பே யோசித்து, அதை அளந்தும் பார்த்துவிட்ட பொருளையே இங்குள்ளோர் நம்புகிறார்கள்.