ஓடு திறவாமல்

தூத்துக்குடியின் கடைசி முத்துச் சலாபம் 1961இல். அதில் மூழ்கிய மாமாவுக்குச் செவிப்பறை இரண்டும் போயிற்று. சிப்பிகளை அழுகவிட்டுத்தான் முத்தெடுப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார். ஓட்டைத் திறக்காமலே உள்ளே போகும் வித்தையொன்றை அவருக்கு எழுதிக் காட்டினேன்: 2014இல் வில்லியம் டைலர் குழுவினர், நொடிக்கு 5 லட்சம் முறை அதிரும், காதுக்கெட்டாத ஒலியை மண்டையோட்டின் வழியே, கையை உணரும் மூளைப்பகுதியில் குவித்தார்கள்; அந்நேரம் விரல்நுனியின் தொடுவுணர்வு கூர்மையாயிற்று. கத்தியில்லை, வலியில்லை. வலியின்மையை நான் நன்மையென்றே எண்ணியிருந்தேன்.

“கடல் ஏங் காதுக்குள்ள வந்தப்ப ரத்தம் வந்துச்சு, மருமவனே. வந்தது எனக்குத் தெரிஞ்சுது. இது வந்தா எப்படித் தெரியும்?” என்றார்.

துறைமுகத்தில் கப்பலொன்று ஊதியது. நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன்.